‘என்ப’ இல்லாத வாக்கியங்கள்

ஒரே ஓர் ஆங்கில வாக்கியத்தை நாங்கள் ஆறு பேர் முக்கால் மணி நேரம் படித்தோம். சென்ற ஆண்டு ஆடி மாதம் அது. தருமபுரியில் நான் வேதியியல் கற்பிக்கும் கல்லூரியில், வகுப்புகள் முடிந்த பின் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஐவரோடு உட்கார்ந்து, வாரம் ஓர் ஆய்வுக்கட்டுரை என்று படிக்கும் வழக்கத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். ஐவருமே பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து போகிறவர்கள். எடுத்துக்கொண்ட கட்டுரை நம் பகுதியின் நிலத்தடி நீரில் மிகுந்து, பற்களில் கறை படியச் செய்யும் ஃபுளோரைடைப் பற்றியது. அந்தப் பொருளை அவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013-இல் தொடங்கியபோது இவர்களுக்கு வயது பத்தை ஒட்டியிருக்கும். நிலைப்பற்களின் எனாமல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளை இவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தே கடந்திருந்தார்கள். ஐவரில் இருவர் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார்கள். அந்த வாக்கியத்தில் அவர்களுக்குத் தெரியாத சொல் என்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வாக்கியம் பிடிபடவில்லை.

காரணம் எனக்கு உடனே விளங்கவில்லை. ஒருத்தியை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவள் எழுவாயைப் படித்தாள். உடனே, சான்றாகும் முந்தைய கட்டுரைகளைச் சுட்டும் ஓர் அடைப்புக்குறி வந்தது. அதற்குள் இருந்த மூன்று குடும்பப் பெயர்களையும் எழுத்துக் கூட்டி, ஆண்டோடு சேர்த்துப் படித்தாள். இரண்டு சொல் கடந்ததும் இன்னோர் அடைப்புக்குறி, அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு கட்டுரைகள். அதற்குப் பிறகுதான் பயனிலை. சீனப் பெயர் ஒன்றையும் போலந்துப் பெயர் ஒன்றையும் அவள் அரும்பாடுபட்டு உச்சரித்து முடித்தபோது, வாக்கியம் எதைப் பற்றித் தொடங்கியது என்பது அவளிடமிருந்து நழுவியிருந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். மீண்டும் அதே இடத்தில் நழுவிற்று. இன்னொருத்தி, “இந்த எட் ஆல்ங்கறவங்க நிறைய எழுதியிருக்காங்க மேடம்” என்றாள். ‘மற்றும் பிறர்’ என்று பொருள்படும் இலத்தீன் சுருக்கம் அது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நான்காண்டுகளுக்கு மேல் அறிவியல் படித்த பெண்ணுக்கு அதைச் சொல்லாமல் விட்டவர்களில் நானும் ஒருத்தி என்பது அன்று இரவு முழுவதும் என்னை வருத்தியது.

தாண்டத் தெரிந்த கண்

அதே வாக்கியத்தை வீட்டில் தனியாகப் படித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு அதில் எந்தத் தடையும் இல்லை. அடைப்புக்குறி திறந்தவுடன் கண் அது மூடும் இடத்துக்குப் போய்விடுகிறது. நடுவில் உள்ளவை ஒரு சாம்பல் நிறக் கட்டியாக மட்டுமே பதிகின்றன. பழகிய ஒற்றையடிப் பாதையில் இருட்டிலும் கல்லைத் தாண்டிப் போகிறவரைப் போல நான் போய்க்கொண்டிருந்தேன். நானும் பாலக்கோட்டில் தமிழ்வழியில் படித்தவள்தான். இந்தத் தாண்டலை எப்போது கற்றேன், யார் கற்பித்தார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. யாரும் கற்பிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இடறி இடறித்தான் அது வந்திருக்க வேண்டும். இடறிய காலம் மறந்துபோனதால்தான் என் மாணவிகளின் இடறல் எனக்கு அத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது.

படிக்கும்போது நம் கண்கள் வரியின் மேல் சீராக ஊர்ந்து போவதில்லை. ஓரிடத்தில் கால் நொடி அளவு நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகின்றன. தேர்ந்த வாசகரின் தாவல்களிலேயே 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியவை என்று கண்ணசைவை அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டாம் மொழியில் படிப்பவர் இன்னும் அதிக இடங்களில் நிற்கிறார், இன்னும் நீண்ட நேரம் நிற்கிறார். பின்னால் திரும்பிப் போவதற்குப் போதிய காரணம் ஏற்கெனவே இருக்கிற அந்தப் பயணத்தில், எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஏழு பெயர்களை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அந்தப் பெண்ணின் குரலே போதும்.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஓர் இடர்ப்பாடும் உண்டு. நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. ஆங்கிலத்தையே கண் திறந்த நாள் முதல் படித்து வளர்ந்தவருக்கு, வரியின் நடுவே ஒரு பெரிய எழுத்து தெரிந்தவுடன் ‘இது பெயர்’ என்று கண் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தமிழ் படித்துப் பழகிய கண் அந்தக் குறிப்பைக் கற்றிருக்கிறதே தவிர, அதில் ஊறியிருக்கவில்லை. ஆங்கிலேயக் குடும்பப் பெயர்களிலோ பிரவுன், ஒயிட், யங் என்று அகராதிச் சொற்களே பல. பற்களின் நிறத்தைப் பற்றிய பத்தியில் பிரவுன் என்ற பெயர் வந்தால், அதைப் பழுப்பு என்று படித்துவிட்டு வாக்கியத்தின் பொருளைத் தேடிக்கொண்டிருப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் வைக்கும் இந்த முறையின் தொடக்கமாக, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-இல் ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையைக் காட்டுவார்கள். அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களுக்கு அந்தப் பெயர்கள் ஆட்கள். கடிதம் எழுதிக்கொண்டவர்கள், எதிர்வாதம் செய்தவர்கள். பெயரைக் கண்டவுடன் ஒரு முகமும் ஒரு நிலைப்பாடும் மனத்தில் எழும். அப்படிப்பட்டவருக்கு அடைப்புக்குறி ஒரு சுருக்கெழுத்து. காரிமங்கலத்திலிருந்து வரும் மாணவிக்கு அதே பெயர் வெறும் எழுத்துக்கூட்டல். நம் பழைய உரையாசிரியர்களும் இப்படித்தான் செய்தார்கள்: ஒரு செய்யுள் அடியைக் காட்டி, ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிடுவார்கள், யார் அந்தப் பிறர் என்பது பாடல்களை மனப்பாடமாகக் கொண்ட அவையினருக்குத் தெரியும். அந்த அவை கலைந்து, அச்சுப் புத்தகம் எல்லார் கைக்கும் வந்தபோது, உ.வே. சாமிநாதையர் அந்த மேற்கோள்களின் இடத்தைத் தேடித் தேடி அடிக்குறிப்பாக வைக்க வேண்டியதாயிற்று. வாசகர் மாறியபோது குறிப்பின் இடமும் மாறியது என்பதை நாம் நம் நூல்களிலேயே பார்த்திருக்கிறோம்.

எண்ணின் தோளில் ஓர் எண்

பெயர்களுக்குப் பதில் எண்களை வைத்தால் வழி சுத்தமாகிவிடும் என்று தோன்றலாம். மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடி வகுத்த முறை அதுதான்: கட்டுரையில் வரும் வரிசைப்படி 1, 2, 3 என்று எண், விவரமெல்லாம் கடைசியில். வாக்கியம் உண்மையிலேயே இலகுவாகிறது. ஆனால் என் எம்.ஃபில். காலத்து நிகழ்ச்சி ஒன்று எனக்கு மறக்கவில்லை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நான் படித்த கட்டுரையில் அலகை முன்னரே சொல்லிவிட்டு 1.5 என்று முடித்து, அதன் தோளில் சிறியதாக 7 என்று சான்றெண் போட்டிருந்தார்கள். கணினியில் அந்த வரியை நகலெடுத்து என் ஆய்வுச் சுருக்கத்தில் ஒட்டியபோது, தோளில் இருந்த எண் கீழே இறங்கி 1.57 ஆகிவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. எண்ணை எண்ணாகவே நம்பி, அதற்கு மேல் உள்ள கிணறுகள், கீழ் உள்ள கிணறுகள் என்று பிரித்து அட்டவணையும் போட்டுவிட்டேன். நெறியாளர் கேட்டபோது, கட்டுரையில் அப்படித்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னேன். அச்சுப் பிரதியை எடுத்து அவர் விரலை வைத்துக் காட்டியபோதுதான் அந்த 7-இன் உருவம் சிறியது என்பதைக் கண்டேன்.

எண்ணுக்கும் அலகுக்கும் பின்னால் மேலெழுத்துச் சான்றெண்ணை ஒட்டி வைக்கக் கூடாது, அது அடுக்கெண் என்று மயங்க இடம் தரும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடைக்கையேடு எச்சரிக்கிறது என்று பின்னாளில் அறிந்தேன். விதி இருக்கிறது, எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆங்கில வாக்கியத்தில் நன்றாக வேரூன்றிய வாசகராக இருந்தால், 1.57 என்ற அளவு எங்கும் கேள்விப்படாததாக இருக்கிறதே என்று ஒரு கணம் நின்றிருப்பார். என் கவனம் முழுவதும் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தை அவிழ்ப்பதிலேயே செலவாகிவிட்டது. ஐயப்படுவதற்கு மிச்சம் இல்லை.

எண்முறையில் இன்னொரு சுமையும் உண்டு: சொன்னவர் யார் என்று பார்க்கக் கடைசிப் பக்கத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். இது நம்மை மட்டும் வருத்துவதும் அன்று. எட்வர்ட் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றின் முதல் தொகுதி 1776-இல் குறிப்புகளையெல்லாம் இறுதியில் வைத்து வெளிவந்தபோது, மெய்யியலாளர் டேவிட் ஹியூம் அதன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், குறிப்பு என்று கண்டு நூலின் கடைசிக்குப் புரட்டிப் போனால் அங்கே பல நேரம் ஒரு சான்றின் பெயர் மட்டுமே இருக்கிறது என்று குறைப்பட்டு, அவற்றை ஓரத்திலோ பக்கத்தின் அடியிலோ அச்சிடலாம் என்றார். பிந்தைய பதிப்புகளில் அவை பக்கத்தின் அடிக்கு வந்தன. தம் சொந்த மொழியில் படித்த ஹியூமுக்கு அது எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மொழியில் படிப்பவர் திரும்பி வரும்போது வாக்கியம் அவருக்காகக் காத்திருப்பதில்லை. முதற்சொல்லிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

நடுவில் நின்ற அடைப்புக்குறி

அடுத்த வாரம் நான் ஒரு முடிவோடு போனேன். அடைப்புக்குறிகளைத் தாண்டக் கற்பிப்பது என்பதே அந்த முடிவு. பென்சிலால் எல்லாச் சான்றுக்குறிப்புகளையும் மெல்லக் கோடிட்டு அடித்துவிட்டு, மிச்சம் உள்ளதை மட்டும் படிக்கச் சொன்னேன். படித்தார்கள். முக்கால் மணி நேரம் எடுத்த வாக்கியம் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது. முகங்களில் தெளிவு வந்ததைப் பார்த்து எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடு அடுத்த பத்திக்குப் போனோம். அங்கே, தமிழில் சொல்வதானால், ஏறத்தாழ இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: ‘குழந்தைப் பருவத்தில் ஃபுளோரைடு மிகுந்த நீரைப் பருகுவோரின் பற்களில் கறை படிகிறது (இன்னார் முதலியோர், 1998), இவ்வட்டாரத்து முதியோரின் மூட்டு வலிக்கும் அதுவே பெருங்காரணம்.’

பென்னாகரம் பக்கத்துப் பெண் பென்சிலை வைத்துவிட்டாள். அவளுடைய ஆயா பல ஆண்டுகளாகக் குனிந்தே நடக்கிறவர். “மேடம், எங்க ஆயாவோட மூட்டு வலிக்கு இதுதான் காரணம்னு சொன்னது யாரு? இந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்கறவங்களா, இல்ல கட்டுரையை எழுதுனவங்களா?” என்று கேட்டாள்.

அடைப்புக்குறிக்குள் இருப்பவர்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனென்றால் அப்படித்தான் நான் அந்த வாக்கியத்தை ஆண்டுக்கணக்காகப் படித்து வந்திருந்தேன். வகுப்பிலும் அப்படியே சொல்லியிருந்தேன். ஆனால் அவள் விரல் அடைப்புக்குறியின் மேல் இருந்தது. அது வாக்கியத்தின் இறுதியில் இல்லை. நடுவில், காற்புள்ளிக்கு முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் வந்த மூட்டு வலிக்கு அங்கே யார் பெயரும் இல்லை. அன்று மாலையே சுட்டப்பட்ட அந்த 1998 கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன். அது பள்ளிக் குழந்தைகளின் பற்களைப் பற்றி மட்டுமே பேசியது. மூட்டு என்ற சொல்லே அதில் வரவில்லை. ஃபுளோரைடு நெடுங்காலம் மிகுதியாக உடலில் சேர்ந்தால் எலும்பையும் மூட்டையும் தாக்கும் என்பது ஐயமற்ற மருத்துவ உண்மை. ஆனால் இவ்வட்டாரத்து முதியோரின் மூட்டு வலிக்கு அதுவே பெருங்காரணம் என்பது அந்தக் கட்டுரையை எழுதியவரின் சொந்தக் கூற்று. அதற்கு அவர் அங்கே எந்தச் சான்றும் தரவில்லை. தாண்டத் தெரிந்த என் கண் அந்த எல்லைக்கோட்டையும் சேர்த்தே தாண்டியிருந்தது. தாண்டத் தெரியாத அவள்தான் அதைக் கண்டாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் கேட்டது மொழியைப் பற்றிய கேள்வி என்று எனக்குப் புரிய நாலைந்து நாள் ஆயிற்று. தமிழில் பிறர் சொன்னதைச் சொல்லும்போது, அதைச் சொல்லி முடிக்கும் இடத்தில் வினையிலேயே முத்திரை விழுந்துவிடும். அந்த ஆடி மாதத்தில் எங்கள் ஊர்ப் பேருந்துகளில் எல்லார் வாயிலும் இருந்த பேச்சு, “ஒகேனக்கல்லில் தண்ணி ஏறிடுச்சாம், பரிசல நிறுத்திட்டாங்களாம்” என்பது. அந்த ‘ஆம்’ ஒன்றே போதும். பேசுகிறவர் போய்ப் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறார் என்று விளங்கிவிடும். ஏட்டில் எழுதினால் ‘என்று’ வரும், ‘என்கிறார்’ வரும். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்துகள் முப்பது என்று தானாகச் சொல்லிவிடாமல் ‘முப்பஃது என்ப’, அதாவது முப்பது என்று சொல்வார்கள், என்கிறது. நூல் முழுவதும் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என்று வந்துகொண்டே இருக்கும். பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் பிறர் கூற்று எது என்பதில் ஐயம் இல்லை. அதை இலக்கணமே சொல்கிறது.

ஆங்கில ஆய்வுக்கட்டுரையில் அந்த ‘என்ப’ பெரும்பாலும் இருப்பதில்லை. ‘பற்களில் கறை படிகிறது’ என்று நேர்க்கூற்றாகவே வாக்கியம் முடியும். சொன்னவர் அடைப்புக்குறிக்குள் பேசாமல் இருப்பார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்கு நெடுங்காலம் கற்பித்த மொழியியலாளர் ஜான் சுவேல்ஸ், பெயர் வாக்கியத்தின் உறுப்பாகவே வரும் மேற்கோள், பெயர் வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் மேற்கோள் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியது 1990-இல். இன்னார் காட்டுகிறார், இன்னார் கண்டறிந்தார் என்று முதல் வகையில் வரும்போது என் மாணவிகள் ஒருபோதும் தடுமாறியதில்லை. ‘என்று’ போட்டு அதை அப்படியே தமிழாக்கிக்கொள்கிறார்கள். இரண்டாம் வகையில்தான் திணறுகிறார்கள், ஏனென்றால் நம் மொழியில் வினைமுற்று செய்யும் வேலையை அங்கே ஒரு வளைகோடு செய்கிறது. அந்த வளைகோடு எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவரைதான் பிறர் கூற்று. இதை ஒரு பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை.

எனவே பென்சிலால் அடிப்பதை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதில், அடைப்புக்குறி வரும் இடத்தில் வாய்விட்டு ‘என்ப’ என்று சொல்லிவிட்டுத் தொடரும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். பெயர்களை உச்சரிக்க வேண்டியதில்லை. ஏழு பேர் இருந்தாலும் ஒரு ‘என்ப’தான். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே வந்தால் மட்டும், அதுவரை உள்ள சொல்லுக்கே அந்தச் சான்று உரியது என்று பென்சிலால் அடிக்கோடு. மெதுவாகத்தான் போகிறது. இரண்டு நிமிடத்தில் முடிந்தது இப்போது ஆறு நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தை நான் இழப்பாகக் கருதவில்லை.

இடையில் ஒரு நாள் ஒன்றைச் செய்து பார்த்தேன். ஒரு பத்தியை நானே தட்டச்சு செய்து, சான்றுகளையெல்லாம் பத்தியின் இறுதிக்குத் தள்ளிக் கொடுத்தேன். ஐந்து பேர், ஒரு பத்தி. அதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். தங்குதடையின்றிப் படித்தார்கள், உள்ளடக்கத்தைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் எந்தக் கருத்து யாருடையது என்று கேட்டபோது, எல்லாக் கருத்தும் எல்லாருடையதும் ஆகிவிட்டது. ஆகவே, வழியை மறிக்கிறது என்பதற்காகச் சான்றை வழியிலிருந்தே அகற்றிவிடலாம் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது வேறு. பொதுவான செய்திக்கு ஏழு சான்றுகளை அடுக்காமல் ஒன்றிரண்டோடு நிறுத்தலாம். எழுவாயையும் பயனிலையையும் பிரிக்காமல், கருத்து ஒன்று முடியும் இடத்தில் சான்றை வைக்கலாம். ஒரே வாக்கியத்தில் பாதி பிறருடையதும் பாதி தம்முடையதுமாக இருந்தால் அதை இரண்டு வாக்கியங்களாக்கலாம். அடைப்புக்குறியின் இடத்தை மட்டும் நம்பி அந்த எல்லையை விட்டுவைப்பது, அந்தக் குறியைப் படிக்கப் பழகாத ஆயிரமாயிரம் பேரை வெளியே நிறுத்துவதாகும். அவர்களில் பலர், அந்தக் கட்டுரைகள் எந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுகின்றனவோ அதே தண்ணீரைக் குடிப்பவர்கள்.

பென்னாகரம் பக்கத்துப் பெண் இவ்வாண்டு தன் ஆய்வுத் திட்டத்துக்கு ஊரின் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே எடுத்துக்கொண்டாள். ஆயா வீட்டுக்கு எதிரில் இருக்கும் கிணறு அது. கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் இன்றும் சிலர் அதில் குடம் வைக்கிறார்கள். மாதிரிகளைப் புட்டிகளில் பிடித்துப் பேருந்தில் கொண்டுவந்து, ஃபுளோரைடு மின்வாயை வைத்து அளந்தாள். அறிக்கையின் முதல் வரைவை என்னிடம் காட்டினாள். 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 1.0 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமையும் வரம்பாக வைக்கிறது, இந்தக் கிணற்றின் அளவு அவ்விரண்டையும் மீறுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வாக்கியம். தரநிலையின் எண்ணைத் தாங்கிய அடைப்புக்குறி அதன் இறுதியில், முற்றுப்புள்ளிக்கு முன்னால். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் கையை நீட்டி அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்தாள். பேனாவால் அடைப்புக்குறியைச் சுற்றி வட்டமிட்டு, அங்கிருந்து ஓர் அம்பை இழுத்து, வாக்கியத்தின் நடுவிலிருந்த காற்புள்ளிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இதுக்கப்புறம் இருக்கறது நான் அளந்தது மேடம்” என்றாள்.